கோல் போஸ்ட்டில் விட்டுவந்த காது

எனக்கு இரண்டு காதும் கேட்ட காலத்தில் நான் சித்திரபுரம் மைதானத்தில் கோல் கீப்பராக நின்றவன். மைதானம் என்று மரியாதைக்குச் சொல்வதுதான். மலைச்சரிவை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை இன்னொரு பக்கம் கொட்டி நிரவிய இடம் அது. வடக்குக் கோட்டைத் தாண்டினால் நேராகத் தேயிலைச் சரிவு. பந்து அந்தப் பக்கம் உருண்டுவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். இரண்டு கட்சிக்காரர்களும் ரெஃப்ரியும் சேர்ந்து செடிகளுக்குள் இறங்கித் தேடுவோம். ஒரு தடவை முக்கால் மணி நேரம் தேடியும் கிடைக்காமல், அவரவர் பீடி பற்றவைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாள் கொழுந்து கிள்ள வந்த பெண்கள் அதை எடுத்துவந்து என் கடைப்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். யாருடைய பந்து என்று பஜாரில் எல்லோருக்கும் தெரியும்.

கடை என் அத்தாவுடையது. பாலக்காட்டில் அத்தாவுக்கு ஜவுளிக் கடை இருந்தது. சித்திரபுரத்தை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊரின் பஜாரில் அதற்கு ஒரு கிளை போட்டு, எஸ்டேட் ஜனங்களுக்குக் கம்பளி, சேலை, வேட்டி, குடை விற்க என்னை அனுப்பிவைத்தார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பாலக்காடு மதராஸ் ராஜ்யத்திலும் பள்ளிவாசல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த நாட்கள். வீட்டுக்குப் போவதென்றால் மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாற வேண்டும். அதனால் இரண்டு பெருநாளைக்கு மட்டும் வீட்டுக்குப் போவேன். மற்ற நாட்களில் மலைதான் எனக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு மைதானத்துக்கு ஓடுவேன். பஜார்க்காரர்கள் ஒரு கட்சி, மின்சார இலாகாவில் வேலை செய்பவர்கள் ஒரு கட்சி, எஸ்டேட்காரர்கள் இரண்டு மூன்று கட்சி.

அந்த மைதானத்தில் கோல் காப்பதற்குக் கண் பாதி, காது பாதி வேண்டும். சொன்னால் நம்பமாட்டார்கள். நாலரை மணிக்குக் கீழிருந்து பனி ஏறி வரும். முதலில் எதிர்க் கோல் மறையும், பிறகு நடுக்கோடு, பிறகு என் கட்சிக்காரர்களின் முதுகு. கடைசியில் வெள்ளைக்குள் நான் மட்டும் நிற்பேன். அப்போது பந்தைக் கேட்டுத்தான் பிடிப்பது. நனைந்த தோல் பந்தை உதைக்கும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எவ்வளவு தூரத்தில், ஓடிவருகிறவன் புல்லில் ஓடுகிறானா சேற்றில் ஓடுகிறானா, எல்லாமே இரண்டு காதுக்கும் நடுவில் எனக்கு ஒரு படம்போல விழும். பனியைக் கிழித்துக்கொண்டு பந்து வெளியே வரும்போது நான் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருப்பேன். பஜாரில் இதற்காக எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது. இருபத்தொரு வயதில் அந்தப் பேர் எனக்குத் தொப்பிபோலப் பொருந்தியிருந்தது.

எஸ்டேட் கட்சி ஒன்றில் ஒரு முன்கள ஆட்டக்காரன் இருந்தான். தேயிலை ஃபாக்டரியில், பச்சை இலையைப் பரப்பி வாட்டும் மாடியில் அவனுக்கு வேலை. குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறியது. என் வயதுதான். ஒல்லி. வெறுங்காலோடு ஆடுவான். இடது காலால் அவன் உதைத்தால் பந்து ஒரு பக்கம் போவதுபோலப் போய் இன்னொரு பக்கம் திரும்பும். எனக்கு எதிராக அவன் அடித்த கோல்களை நான் எண்ணிவைத்திருந்தேன். நான் தடுத்ததை அவனும் எண்ணிவைத்திருந்தான் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அதுவரை நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. கடைக்கு அவன் அம்மாதான் வருவார். அவன் வந்தால் வெளியே நின்றுகொள்வான்.

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. ஐம்பத்து நாலாம் வருஷம் என்று நினைவு. ஆளுக்கு ஒரு கோல் என்ற நிலையில் ஆட்டம் முடியப்போகிற நேரம். அவன் தனியாகப் பந்தோடு வந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் யாரும் இல்லை. அவன் காலிலிருந்து பந்து ஒரு முழம் விலகியதும் நான் அதன்மேல் பாய்ந்தேன். பந்து கையில் ஒட்டியது ஞாபகம் இருக்கிறது. நனைந்த தோலின் வாசனை ஞாபகம் இருக்கிறது. அவன் நிற்கப் பார்த்தான், புல் அவனை நிற்க விடவில்லை. அவன் முழங்கால் என் வலது காதுக்குப் பின்னால் வந்து மோதியது.

வலி தெரியவில்லை. ஒரு கதவைச் சாத்தியதுபோல இருந்தது, அவ்வளவுதான். எழுந்து நின்று பந்தைக்கூட ஓங்கி உதைத்தேனாம். பிறகு நடந்த நடை கோணிக்கொண்டு போய்க் கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேனாம். காதிலிருந்து ரத்தம் வழிந்து சட்டைக் காலரை நனைத்திருந்தது. எஸ்டேட் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் படுத்திருந்தேன். முதல் மூன்று நாள் கட்டில் என்னைச் சுமந்துகொண்டு சுற்றியது. கண்ணைத் திறந்தால் கூரை ஒரு பக்கமாக ஓடும், வாந்தி வரும். டாக்டர் காதுக்குள் எதையும் விடக்கூடாது, தலையை அசைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நாலாம் நாள் சுற்றல் கொஞ்சம் அடங்கியது. வார்டில் மருந்து கொடுக்கும் அம்மாவிடம் கேட்டேன்:

"இங்க பகல்லயும் இப்படித்தான் சில்வண்டு கத்துமா?"

அந்தம்மா சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க கத்துது? ஒண்ணுமில்லையே தம்பி."

என் தலைக்குள் கத்திக்கொண்டிருந்தது. மழைக்குப் பிறகு காட்டில் ஆயிரம் சில்வண்டு ஒரே சுரத்தில் பிடிக்குமே, அந்தச் சத்தம். அன்று மத்தியானம் இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தேன். இடது காது தலையணையில் அழுந்தியதும் ஆஸ்பத்திரி காணாமல் போய்விட்டது. பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். வாய் அசைந்தது, தோள் குலுங்கியது, சத்தம் இல்லை. தலையைத் தூக்கினேன், இருமல் வந்தது. சாய்த்தேன், போய்விட்டது. குழாயைத் திறந்து மூடிப் பார்ப்பதுபோல நாலைந்து தடவை செய்து பார்த்தேன். பிறகு நேராகப் படுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அவன் என்னைப் பார்க்க வந்தது அதற்கு மறுநாள். நான் இடது பக்கமாகத் திரும்பிக் கண்ணை மூடிக் கிடந்தேன். கட்டில் லேசாக அசைந்ததுபோலத் தோன்றித் திரும்பினேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, பேசி முடித்த ஆளின் களைப்போடு இருந்தான். வெகு நேரமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

"எப்ப வந்தே?" என்றேன்.

"அப்பவே வந்துட்டேன் பாய். அம்புட்டும் சொல்லிட்டேன். ஒங்களுக்குக் கேட்டுதுல்ல?"

"கேட்டுது," என்றேன். அவன் முகம் அப்படியே தெளிந்தது. ஒரு பொட்டலத்தில் நாலு பன் ரொட்டி கொண்டுவந்திருந்தான், வைத்துவிட்டுப் போனான்.

வெகு காலம் கழித்து, அன்றைக்கு என்னதான் சொன்னாய் என்று அவனிடம் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் ஒரு தடவதான் சொல்ல முடியும் பாய்," என்பான். அதோடு பேச்சை மாற்றிவிடுவான். ஒரு மனிதன் என்னிடம் மனம்விட்டுச் சொன்ன மிக நீளமான பேச்சு, என் செத்த காதுக்குள் போய்விட்டது.

அத்தா வந்து என்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே காது டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தன் முழங்கையில் தட்டி, அதன் காம்பை என் நெற்றி நடுவில் வைத்தார்.

"ஏனுங்க தம்பி, எந்தப் பக்கம் கேக்குதுங்க?"

"இடது பக்கம்."

வலது காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். எலும்பு நடுங்குவது தெரிந்தது, சத்தம் இல்லை. டாக்டர் கவையைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு அத்தாவைப் பார்த்துப் பேசினார். உள்ளே தலைமயிர்போல ஒரு நரம்பு இருக்கிறது, அடிபட்டதில் அது போய்விட்டது, மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது, இன்னொரு காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்குள் கத்துகிற சில்வண்டைப் பற்றி நான் கேட்டேன். "பழகிருமுங்க," என்றார். அது அடங்கவில்லை, ஆனால் நான் பழகிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் அத்தா எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அத்தா அதிகம் பேசுகிறவர் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டாக்டர் கேட்டாரு, இடதுன்னு சொன்னே. வேற யார் கேட்டாலும் ஒண்ணுஞ் சொல்லாதே," என்றார். "இன்னும் உனக்குக் கல்யாணம் ஆகலே."

அப்படித்தான் மறைக்கிற வேலை ஆரம்பமானது. கடையில் துணி வெட்டும் மேஜையை வலது சுவரோடு ஒட்டிப் போட்டேன், வருகிறவர்கள் இடது பக்கமாகவே வரும்படி. சாயாக்கடையில் மூலை பெஞ்சில், வலது தோள் சுவரில் பட உட்கார்ந்தேன். பேசுகிறவர் வாயைப் பார்க்கப் பழகினேன். ஆனால் எல்லாவற்றுக்கும் மேஜை போட முடியாது. ரோட்டில் ஒருவர் கூப்பிட்டால் எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல் பம்பரம்போலச் சுற்றுவேன். லாரி சத்தம் கேட்கும். மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று தெரியாது. இரண்டு காதுக்கும் நடுவில் விழுந்துகொண்டிருந்த அந்தப் படம் போய்விட்டது. எல்லாச் சத்தமும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. இப்போதும் அந்த நாட்களை நினைத்தால் முதலில் நினைவு வருவது காட்சிகள் அல்ல, திசைகள்தான். இந்தப் பக்கம் ஆற்றின் இரைச்சல், அந்தப் பக்கம் ஃபாக்டரியின் சங்கு, பின்னால் சாயாக்கடையில் கரண்டி தட்டுவது. கனவில் மட்டும் இன்னும் எனக்கு அப்படிக் கேட்கிறது.

ஒரு நாள் கொழுந்து கிள்ளுகிற ஒரு அம்மா வலது பக்கமிருந்து மூன்று நாலு முறை கம்பளி விலை கேட்டிருக்கிறார். நான் மேஜையை விட்டு வாசல் பக்கம் வந்து குனிந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார்: "அந்தப் பாய்க்குத் தலக்கனம் ஏறிப்போச்சு. எங்கள மாதிரி ஆளுக கேட்டா வாயத் தெறக்க மாட்டாராம்." அதைக் கேட்டு நான் சுருண்டுபோனேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். அத்தாவின் காப்பி டம்ளர் கண்முன் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அவனுக்கு மட்டும் தெரியும். நான் சொல்லவில்லை, அவனாகவே கண்டுபிடித்தான். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருவான். இப்போது வெளியே நிற்காமல் உள்ளே வந்து என் வலது பக்கம் நின்றுகொள்வான். அந்தப் பக்கமிருந்து யாராவது கேட்டால் முழங்கையில் ஒரு விரலால் தொடுவான். அவ்வளவுதான். நாங்கள் நடந்து போனாலும் அவன் என் வலது பக்கம்தான் வருவான், எதுவும் பேசமாட்டான். பேச வேண்டுமானால் முன்னால் வந்து திரும்பி நின்று பேசுவான். அவன் கையில் பச்சை இலை வாசனை எப்போதும் இருக்கும்.

ஆறு மாதம் கழித்து நான் மறுபடி கோலில் நின்றேன். யாரும் வற்புறுத்தவில்லை, பிடிவாதம் என்னுடையது. பனி வரும்வரை சரியாக இருந்தது. வந்த பிறகு உதைக்கிற சத்தம் மட்டும் கேட்டது, திசை தெரியவில்லை. முதல் பந்து வலது மூலையில் போனது. நான் இடது பக்கம் பாய்ந்து கிடந்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தடவை பனிக்குள்ளிருந்து வந்தவன் அவன். எனக்கு நேரெதிரே வந்து, தலையை நிமிர்த்திப் பார்த்து, பந்தை என் நெஞ்சுக்கு உதைத்தான். குழந்தைக்கு எறிகிற மாதிரி மெதுவாக.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பந்தைக் கீழே போட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்தேன்.

"எனக்குப் பிச்சை போடறியா?"

"அப்படியில்ல பாய்..."

"வேற எப்படி? அடி. ஒழுங்கா அடி!"

"என்னால ஏலாது பாய். ஒங்க கோலுக்கு இனிமே என்னால அடிக்க ஏலாது."

சட்டையை விட்டுவிட்டேன். கையுறையெல்லாம் அப்போது கிடையாது. கழற்ற ஒன்றும் இல்லை. மைதானத்தை விட்டு நடந்தேன். அவனும் வலது பக்கமாக வந்து சேர்ந்துகொண்டான். அதற்குப் பிறகு அவனும் தன் கட்சிக்கு ஆடவில்லை. ஏன் என்று அவனுடைய ஆட்கள் கேட்டதற்கு, கால் வலி என்று சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் ஞாயிறு மாலைகளில் மேட்டில் உட்கார்ந்து அடுத்தவர்கள் ஆடுவதைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். அந்தச் சாயங்காலங்களைப்போல இனிமையானவை எனக்குப் பிறகு அதிகம் வாய்க்கவில்லை. ஆடும்போதுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனா என்று சந்தேகம்.

என் கல்யாணப் பேச்சை நடத்தியது என் அக்கா. பெண் பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்தில், எங்களைப்போலவே வியாபாரக் குடும்பம். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. நான் அக்காவிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்.

"காது விஷயத்தை அவங்க கிட்டச் சொல்லணும்க்கா. அத்தா வேண்டாம்னு சொன்னாலும் சரி."

"சொல்லாம இருப்பனாடா? நான் பாத்துக்கறேன்."

ஒரு மாதம் கழித்துக் கேட்டேன். "எல்லாம் சொல்லியாச்சு, நீ துணிமணி பாரு," என்றார். எனக்கு அதைக் கேட்டதும் இரண்டு வருஷத்துப் பாரம் இறங்கியது. இப்படி ஒரு பெண் எல்லாம் தெரிந்தும் சம்மதித்திருக்கிறாளே என்று, முகம் பார்க்காமலேயே அவள்மேல் பிரியம் வந்தது.

நிக்காஹ் புதுநகரத்தில், பெண் வீட்டு முற்றத்துப் பந்தலில், காலை பதினோரு மணிக்கு. அவன் மலையிலிருந்து ஒரு நாள் முன்னாலேயே கிளம்பி, மூன்று பஸ் மாறி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். என்னை மேடையில் உட்காரவைத்துத் தலையில் பூச்சரம் கட்டினார்கள். நெற்றியிலிருந்து மார்பு வரை மல்லிகை தொங்கி முகத்தை மறைத்தது. அதற்குள்ளிருந்து யாருடைய வாயும் எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி முன்கூட்டி யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. நிக்காஹ் ஓதிவைக்கும் அஜரத் வயதானவர், மூச்சு வாங்கும், மெல்லிய குரல். பந்தல்கால் இடைஞ்சல் என்று அவரை என் வலது பக்கம் உட்காரவைத்துவிட்டார்கள். எதிரே பெண்ணின் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இடது காதில் பந்தல் முழுக்க இரைந்துகொண்டிருந்தது. பெண்கள் பேச்சு, குழந்தைகள், சமையல் ஆட்கள். நான் மல்லிகைக்குள் தலையைக் குனிந்து, அஜரத் ஓதி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். என் கையைப் பிடித்திருந்த கை அழுத்தியது. பிரியத்தில் அழுத்துகிறார் என்று நினைத்து நானும் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு குறைந்தது. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. இவ்வளவு அமைதி ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அஜரத் மூன்று முறை கேட்டுவிட்டாராம், சம்மதமா என்று. மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவன் எழுந்து நின்றிருந்தான்.

"அய்யா, அவுகளுக்கு வலது காது கேக்காது. இடது பக்கம் வந்து கேளுங்க."

எனக்கு அது நன்றாகக் கேட்டது. பந்தலில் எல்லோருக்கும் கேட்டது.

"என்னது? காது கேக்காதா?" என்று யாரோ கேட்டார்கள். என் கையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. அந்தக் கை விட்ட இடத்தில் காற்றுப் பட்டது எனக்கு இன்றும் தெரிகிறது. பூச்சரத்தை இரண்டு கையாலும் விலக்கினேன். பெண்ணின் அத்தா என் முகத்தைப் பார்த்தார்.

"நெசமாங்க மாப்ளே?"

"ஆமாங்க மாமா. ரெண்டு வருஷமாச்சு. பந்தாட்டத்துல அடிபட்டது. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவர் என் அத்தாவைப் பார்த்தார். அத்தா கீழே விரித்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டது எனக்குத் தெரிந்தது. எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. இரண்டு தரப்பிலும் குரல் உயர ஆரம்பித்தபோது, அஜரத் கையைத் தூக்கினார்.

"சத்தம் வேண்டாம். தெரியாமச் சொன்ன சம்மதம் சம்மதமில்லே. பெண்ணு கிட்ட மறுபடி கேட்டுட்டு வாங்க."

பெண்ணின் அத்தா சாட்சிகளோடு உள்ளே போனார். அடுப்படியில் பிரியாணி தம் போட்டிருந்தார்கள். அந்த வாசனை பந்தலில் நிறைந்திருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. அவன் மட்டும் மேடைக்கு வந்து என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"நான் கெடுத்துட்டேனா பாய்?"

"இல்லே. நான் சொல்ல வேண்டியதை நீ சொன்னே."

உள்ளே போனவர் திரும்பி வந்தார். நின்றபடியே சொன்னார்: "சம்மதம்தான்னு சொல்றாங்க. ஆனா மாப்ளே எதுக்கு மறைச்சாங்கன்னு கேட்டுட்டு வரச் சொல்றாங்க."

அக்காவைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அத்தாவைச் சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷமாகச் சாயாக்கடை மூலையில் உட்கார்ந்தது யார்?

"வெக்கம்தானுங்க மாமா," என்றேன். "வேற ஒண்ணுமில்லே."

அவர் மறுபடி உள்ளே போனார். அதுதான் நீளமான நேரம். வந்தவர் இந்தத் தடவை என் எதிரே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அஜரத்தை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இடது பக்கம் கொண்டுவந்தார்கள். அவர் கேட்டார். "கபூல்," என்றேன், பந்தலுக்கு வெளியே ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தா மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாடு முடிந்த பிறகு அவர் சம்பந்தியைத் தனியாக அழைத்துப்போய் என்னவோ பேசினார். திரும்பி வரும்போது இரண்டு பேர் கண்ணும் ஈரமாக இருந்தது. அக்கா பிறகு என்னிடம் அழுதார். "சொல்லணும்னுதாண்டா ரெண்டு தடவை போனேன். அந்தப் பொண்ணு காப்பி கொண்டாந்து வெச்சுது. வாய் வரலே." அவரிடம் கோபப்பட என்னால் முடியவில்லை.

என் மனைவி மலைக்கு வந்தது அந்த வருஷம் நவம்பரில். அதற்குள் பாலக்காடும் பள்ளிவாசலும் ஒரே கேரளமாகிவிட்டன. மூன்று வாரம் அவள் காதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சமைப்பாள், வீட்டைப் பெருக்குவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஒரு மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்க, காது போனதுக்கு எனக்கு ஒரு வருத்தமுமில்லீங்க. ஊரே வெளிய உக்காந்திருக்க, எங்க அத்தா உள்ள வந்து என் முன்னால நின்னு கேட்டாரு பாருங்க, அந்த முகத்தை என்னால மறக்க முடியலீங்க."

"நான் வேணும்னு..."

"தெரியுமுங்க. உங்க அக்கா எழுதியிருந்தாங்க. இருந்தாலும் நீங்களே ஒரு காயிதம் போட்டிருக்கலாமுங்களே. எனக்குப் படிக்கத் தெரியும்."

 அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே கடையில் துணி மேஜையை நடுவில் இழுத்துப் போட்டேன். பஜாரில் எல்லோரிடமும் சொன்னேன். கம்பளி விலை கேட்ட அம்மாவை எஸ்டேட் லயத்து வீட்டுக்கே போய்ப் பார்த்துச் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கடைக்கு வந்தால் வாசலிலிருந்தே கத்திக் கேட்பார். ஒரு காது நன்றாகக் கேட்கிறது என்று எவ்வளவு சொல்லியும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டிலும் பேச்சுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. முக்கியமானதைச் சொல்ல என் மனைவி இடது பக்கம் வருவாள். என்மேல் கோபம் வந்தால் வலது பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பாள். நான் முறத்திலிருக்கும் பயறைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னமோ சொன்னியா?" என்று கேட்டால், "உங்களுக்கில்லீங்க," என்பாள். அவனுக்கும் அடுத்த வருஷம் கல்யாணமானது. மாங்குளம் பக்கம் வேறொரு ஃபாக்டரிக்குப் போனான். மாதம் ஒரு தடவை வருவான். என் மனைவி அவனை அண்ணன் என்று கூப்பிடுவாள். பந்தலில் எழுந்து நின்ற ஒரே காரணத்துக்காக அவனுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் கறித்துண்டு கூடுதலாக விழும்.

எங்கள் முதல் மகள் பிறந்தது ஐம்பத்தெட்டில். சித்திரபுரத்து வாடகை வீட்டில் மூன்று அறை. குழந்தை அழுதால் எந்த அறையில் என்று தெரியாமல் நான் அடுக்களைக்கு ஓடுவேன், பிறகு பின்கட்டுக்கு. என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஆனால் அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவதில் அந்த வரிசை வீடுகளில் என்னை அடிக்க ஆளில்லை. வலது தோளில் போட்டுக்கொண்டு, அது எவ்வளவு நேரம் கத்தினாலும் சலிக்காமல் முற்றத்தில் நடந்துகொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்கள், "எம்புட்டுப் பொறுமை!" என்று சொல்வார்களாம். என் மனைவி அவர்களிடம் காரணத்தைச் சொல்லவே மாட்டாள். "ஆமாங்க, அவங்க அப்படித்தானுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். பிள்ளை என் தோளில் தூங்கி விழும். அது தூங்கிவிட்டது என்பது எனக்குக் கழுத்தில் மூச்சுப் படுவதை வைத்துத்தான் தெரியும்.